பிச்சிச் செடிக்கு நான் ஊற்றிய சோப்புத் தண்ணீர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தென்காசி பஜாரில் ஒரு கடைக்குள் நின்று சத்தமாகப் பேசினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட வாயைத் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் சாம்பார் வராமல் போனால், ரசம் வரட்டும் என்று காத்திருப்பேன். எழுதுவதற்கு மட்டும் கூச்சம் கிடையாது. எதிரே முகம் இல்லையே...

அப்படிப்பட்டவள், சோப்புத் தூள் அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு கடைக்காரரைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பவுடர்ல உப்பு எவ்வளவு இருக்கு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆச்சி, துணிக்குக் கேக்கியளா, சாம்பாருக்குக் கேக்கியளா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருப்பேன். அன்றைக்கு வரவில்லை.

"சிரிச்சது போதும். பாக்கெட்ல எங்கன போட்டுருக்குன்னு காட்டுங்க. நான் பேசாம போயிருதேன்."

அவர் பாக்கெட்டை எடுத்தார். முன்பக்கம் ஒரு பச்சை இலை, இலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் பல்லைக் காட்டும் ஒரு பெண். பின்பக்கம் திருப்பினார். கண்ணாடியை மாட்டினார். வாய்க்குள்ளேயே வாசித்தார். மறுபடியும் முன்பக்கம் திருப்பினார்.

"போடலியே ஆச்சி."

"அடுத்ததைப் பாருங்க."

அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. சிரித்த நாலு பேரில் ஒரு அம்மாள் தன் பையில் இருந்த பாக்கெட்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர் மட்டும் விடவில்லை. "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல, ஆச்சி."

"கேக்கலன்னா சொல்லாம இருந்துரலாமா?"

இந்த இடத்தில்தான் என் சத்தம் கூடிப் போனது. ஒரு சோப்புத் தூளுக்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்கிறேன்.

கோடை தொடங்கியபோது இந்தப் பத்தியில் நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? வாஷிங் மெஷின் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், செடிக்கு விடுங்கள் என்று பெரிய மனுஷியாக உங்களுக்கு உபதேசம் செய்தேன். அதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திரும்பப் பெற்றுக்கொள்வதற்குள் நடந்தது என்னவென்றால்...

என் மகன் கணேசன் குற்றாலத்தில் ஆறு ரூம் உள்ள சின்ன லாட்ஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். மற்ற ஊர் லாட்ஜ் துண்டு வேறு. குற்றாலத்து லாட்ஜ் துண்டு வேறு. அருவியில் நூல் மாதிரி தண்ணீர் விழுந்தாலும் போதும், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் போய் நிற்பார்கள். அருவி கழுவுவது கொஞ்சம். மீதி எல்லாம் துண்டுக்கு. அந்தத் துண்டைப் பிழிந்தால் ஒரு வாணலி அப்பளம் பொரிக்கலாம்.

அந்தத் துண்டுகள் மொத்தமும் இலஞ்சியில் என் வீட்டுக்குத்தான் வரும். மெஷினில் போட்டு எடுக்கிற வேலை என்னுடையது. சாதாரணமாகத் துவைத்தால் எண்ணெய் போகாது. அதனால் வெந்நீர், இரண்டு கை சோப்புத் தூள், அதற்கு மேல் ஒரு கை சலவை சோடா. துண்டு பளிச்சென்று வந்துவிடும். கணேசனுக்கு சந்தோஷம். எனக்கும்தான்.

பக்கத்து வீடு மைதீன் பாத்துவின் வீடு. பாத்துவின் வீட்டுக்காரர் காதர் சவூதியில் லோடு தூக்கி இடுப்பு போய்த் திரும்பி வந்தவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பாத்து பதின்மூன்று பிச்சி வைத்திருக்கிறாள். விடியும் முன்னே மொட்டுப் பறித்து, கட்டி, கோவில் பக்கத்துப் பூக்கடைக்குக் கொடுத்து விடுவாள். அந்தப் பதின்மூன்று செடிதான் அந்த வீட்டு அடுப்பு.

இந்தக் கோடையில் கிணறு தரை தட்டிவிட்டது. பஞ்சாயத்துத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை. பாத்து குடத்தோடு அலைவதைப் பார்த்தேன். என் வீட்டு மெஷின் தண்ணீரோ சும்மா சாக்கடைக்குப் போகிறது. ஹோஸைத் தூக்கி மதில் மேல் போட்டு அவள் பக்கம் விட்டேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பெருமையில்தான் உங்களுக்கு அந்த உபதேசத்தை எழுதினேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. மொட்டு அரிசி அளவுக்குச் சிறுத்தது. பத்து மணி வெயிலுக்கே செடி தலையைத் தொங்கப் போட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்து கேட்டாள். "ஆச்சி, செடியெல்லாம் வாடுதே. தண்ணி பத்தலியோ?"

"பத்தாதுதான் போலுக்கு. நான் இன்னொரு ஈடு போடுதேன் பாத்து."

போட்டேன். நாளைக்குத் துவைக்க வேண்டியதை இன்றைக்கே போட்டேன். அழுக்கே இல்லாத ஜன்னல் திரையை எல்லாம் கழற்றிப் போட்டேன். செடி வாட வாட, நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு மனுஷிக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டு, மயங்குகிறாளே என்று இன்னொரு டம்ளர் கொடுப்பதுபோல.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்தி, கண் பட்டுவிட்டது என்றாள். காதர் வேரில் புழு இருக்கும் என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாத்துவைத் தோண்டச் சொன்னார். புழு இல்லை. மண் மேலே மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நானே சொன்னேன் — "நுரை காய்ஞ்சது அது. சோப்புதானே, புழு பூச்சி இருந்தாலும் செத்துரும்."

என் வாயால்தான் சொன்னேன்.

கடைசியில் ஒரு கிளையையும் ஒரு கவரில் மண்ணையும் எடுத்துக்கொண்டு, நானும் பாத்துவும் குற்றாலம் ரோட்டில் உள்ள ஒரு நர்சரிக்குப் போனோம். நர்சரி நடத்துவது செங்கோட்டைப் பக்கத்துப் பெண். பேச்சில் பாதி மலையாளம். அவள் மண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு விரலால் தேய்த்தாள். மண் வழுக்கியது.

"எந்தத் தண்ணியாக்கும் ஊத்துதீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாத்து சொன்னாள். "ஆச்சி வீட்டு மெஷின் தண்ணிதான் அக்கா. ஆச்சி மட்டும் இல்லன்னா இந்தக் கோடையில என் செடி என்னைக்கோ போயிருக்கும்."

நர்சரிப் பெண் என்னைப் பார்த்தாள். "பவுடரா?"

தலையை ஆட்டினேன்.

"சோடாவும் போடுவீங்களோ?"

எதிரே இருந்த குரோட்டன்ஸ் செடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாத்துவே எனக்காகப் பேசினாள். "ஆச்சி நல்ல பவுடர்தான் போடுவாவ. எலை படம் போட்டது."

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். சோப்புத் தூளில் அழுக்கைப் போக்குகிற சரக்கு ஒரு பங்கு என்றால், எடை காட்டுவதற்கு உப்பும் சோடாவும் பல பங்கு. உப்பென்றால் சமையல் உப்பு மட்டும் இல்லை, அதன் அண்ணன் தம்பிகள் பல உண்டு. துணியிலிருந்து அது தண்ணீருக்குப் போகும். தண்ணீரிலிருந்து மண்ணுக்குப் போகும். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. "செடி தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாகும், கேட்டோ. நீங்க தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்துவீங்க."

இன்னும் ஊற்றுவீர்கள். பார்த்த மாதிரியே சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாத்து என் காதோரம் சொன்னாள். "அந்தக்கா சொல்லுதத நீங்க மனசுல வைக்காதிய ஆச்சி. புதுச் செடி விக்கணும்னு எதாவது சொல்லுவாவ."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? வீட்டுக்கு வந்து ஹோஸை எடுத்துச் சாக்கடைக்குள் விட்டுவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். கூச்சம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு ஆயுசை ஓட்டிவிட்டேன். சில நாளில் அதற்குப் பெயர் கூச்சம் இல்லை, கோழைத்தனம்.

மூன்றாவது நாள் காலையில், குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரைப் பாத்து செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. போய் நின்றேன். மெஷின் ரிப்பேர் இல்லை, சோடா போட்டது நான்தான், கை கையாகப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பாத்து குடத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அந்தக்கா கேக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா ஆச்சி. உங்களுக்காக நான் அவகிட்ட வரிஞ்சு கட்டிப் பேசுனேனே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதர் சத்தம் கேட்டது. "விடுட்டி. வேணும்னா செஞ்சாவ?"

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டுருப்பேன். இப்ப நான் யார்கிட்ட சண்டை போட?"

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. யாரிடம்?

நான் தப்புச் செய்தேன், ஒப்புக்கொண்டேன். இலை படத்தைப் போட்டு விற்றவன் என்ன ஒப்புக்கொண்டான்? அஞ்சு ரூபாய் பிஸ்கட்டாக இருந்தாலும் மைதா எவ்வளவு, சீனி எவ்வளவு என்று உறையில் போட்டிருக்கிறான். மிளகாய்ப் பொடியில் போட்டிருக்கிறான். நாம் தின்பதை மட்டும் சொன்னால் போதுமா? துவைத்த தண்ணீரைத் தின்பது யார் — மண். மண்ணில் விளைந்ததைத் தின்பது யார்? நாம்தானே?

பாக்கெட்டில் ஒரு போன் நம்பர் இருந்தது. கணேசனைப் போடச் சொல்லி நானே பேசினேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்து, ஒரு பெண் பிள்ளை வந்தாள்.

"இந்தப் பவுடர்ல உப்பு இருக்கா தாயி?"

"எங்கள் தயாரிப்பு எல்லா வகைத் துணிக்கும் பாதுகாப்பானது மேடம்."

"துணிக்குச் சரி. செடிக்கு?"

"கலர் மங்காது மேடம்."

அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள். எழுதிக் கொடுத்தவன் வீட்டில் ஒரு கருவேப்பிலைச் செடியாவது இருக்குமா?

நம்மை நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. அருவியில் சோப்பு, ஷாம்பு போடாதே என்று போர்டு வைத்திருக்கிறோம். நல்ல காரியம். அருவிக்குக் கீழே போடக்கூடாதது, அரைக் கிலோமீட்டர் தள்ளி லாட்ஜ் குழாயில் போட்டால் மட்டும் புண்ணியமா? அந்த வாய்க்கால் எங்கே போகிறது? சிற்றாறு, குளம், வயல். இலஞ்சி நெல்லு எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று போர்டு வைத்தவர்கள் யோசித்தார்களா? நான் யோசித்தேனா?

பாத்துவின் மண்ணுக்கு நர்சரிப் பெண் சொன்னபடி செய்தோம். மேலே பூத்த வெள்ளையைச் சுரண்டி அள்ளினேன். மண்ணில் ஏறிய உப்பை இளக்குகிற ஜிப்சம் வாங்கிப் போட்டுக் கொத்திவிட்டேன். காதர் நாற்காலியில் உட்கார்ந்து, "அங்கன, இங்கன" என்று கை காட்டினார். பாத்து வெளியே வரவில்லை. ஆனியில் சாரல் பிடித்தது. ஒரு வாரம் நசநசவென்று பெய்து மண்ணைக் கழுவியது. இந்த வருஷச் சாரலை நான் கும்பிட்ட மாதிரி எந்த வருஷமும் கும்பிட்டதில்லை.

நாலு செடி போய்விட்டது. பாத்துவே பிடுங்கினாள். பிடுங்கி மதிலோரம் போட்டாள். நான் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே போட்டாள் என்று நினைக்கிறேன். பார்த்தேன்.

சாரல் விட்ட பிறகு ஒரு நாள், அவளாகவே மதில் பக்கம் வந்தாள்.

"மழை நின்னுட்டு. தண்ணி வேணும் ஆச்சி. ஆனா அதுல என்ன கெடக்குன்னு எனக்குச் சொல்லிட்டு ஊத்துங்க."

அதற்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். அதனால்தான் கத்தினேன்.

கடைக்காரர் கடைசியில் நல்ல மனுஷர்தான். உள்ளே போய் மூன்று விதமான லிக்விட் சோப்பு எடுத்து வந்தார். தூளைவிட லிக்விடில் உப்பு பொதுவாகக் குறைவு என்று நர்சரிப் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் லிக்விட் என்பதாலேயே நம்பிவிடக் கூடாது. வெளுப்பு மருந்து, பிளீச்சிங், வெங்காரம் என்கிற போராக்ஸ் சேர்ந்தது ஆகவே ஆகாது. சோடியம் என்று இருந்தால் யோசிக்க வேண்டும். பொட்டாசியம் என்றால் அவ்வளவு பயம் இல்லை, வயலுக்குப் போடுகிற பொட்டாஷின் சொந்தக்காரன்தான் அது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். ஒன்றில் மட்டும்தான் உள்ளே இருப்பதன் பட்டியல் இருந்தது. மற்ற இரண்டிலும் 'இயற்கை' என்ற ஒரே வார்த்தை. நான் போட்ட சலவை சோடாவைக்கூட இயற்கை என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த வார்த்தையை இனி நான் மதிப்பதாக இல்லை.

பட்டியல் இருந்ததை வாங்கி வந்தேன். அதையும் உடனே பிச்சிக்கு விடவில்லை. இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மண் நிரப்பி வெந்தயம் போட்டேன். ஒன்றுக்கு நல்ல தண்ணீர், ஒன்றுக்கு மெஷின் தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி முளைத்து நின்ற பிறகுதான் ஹோஸைத் தூக்கினேன். பழைய தூள் தண்ணீரையும் மூன்றாவது சிரட்டையில் ஊற்றிப் பார்த்தேன். அந்த வெந்தயம் தலையே காட்டவில்லை. மூன்று சிரட்டையும் ஒரு பிடி வெந்தயமும் சொல்லுகிறதை, அவ்வளவு பெரிய கம்பெனியால் சொல்ல முடியவில்லை.

எண்ணெய்த் துண்டு? அதைத் தனியாகப் பூந்திக்கொட்டை ஊற வைத்த வெந்நீரில் முக்கி எடுக்கிறேன். பளிச்சென்று வராது, பழுப்பு கொஞ்சம் நிற்கும். கணேசன் முகத்தைச் சுளித்தான். "கஸ்டமர் கேப்பாங்கம்மா." கேட்கட்டும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவனுக்கு வெள்ளைத் துண்டு எதற்கு என்றேன். அந்த எண்ணெய்த் தண்ணீரைச் செடிக்கு விடுவதில்லை, வாய்க்காலுக்கும் விடுவதில்லை; கொல்லையில் ஒரு குழி வெட்டி ஜல்லி போட்டு அதில் விடுகிறேன். மற்ற துணி அலசுகிற தண்ணீர் மட்டும் பிச்சிக்கு. அதுவும் அன்றன்றைக்கு, தேக்கி வைக்காமல், வேரோரம் மண்ணில். இலையில் படாமல். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர். கீரைக்கு இந்தத் தண்ணீரே கிடையாது. நீங்களும் கோடையில் என் பேச்சைக் கேட்டு ஹோஸைத் திருப்பியிருந்தால், முதலில் உங்கள் சோப்பைச் சிரட்டையில் ஊற்றிப் பாருங்கள். மண் வெள்ளையாகப் பூத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் ஏதாவது கருகியிருந்தால், என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

மிச்சம் இருக்கிற ஒன்பது செடியில் ஆறு தூரிலிருந்து துளிர்த்திருக்கிறது. பூ கட்டுகிற அளவுக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். அதுவரை பாத்து வேறு ஒரு தோட்டத்தில் கூலிக்கு மொட்டுப் பறிக்கப் போகிறாள். என்னோடு பேசுகிறாளா? பேசுகிறாள். ஆனால் பழைய பேச்சு இல்லை. தினமும் நான் ஹோஸை மதில் மேல் வைத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறாள்.

"ஆச்சி, இன்னைக்கு எதுல தொவைச்சிய?"

சோப்பின் பெயரைச் சொல்கிறேன், எத்தனை மூடி ஊற்றினேன் என்பதையும் சொல்கிறேன். அவள் சரி என்ற பிறகுதான் மெஷின் தண்ணீரைத் திறந்து விடுகிறேன்.

கம்பெனிக்காரன் வாங்கிக்கொள்ளாத கேள்வியை, நான் தினமும் வாங்கிக்கொள்கிறேன்.